ரத்தத்துல ஊறினது இல்ல



ஒருத்தனைப் பாராட்டிக்கொண்டே அவனிடமிருந்து திருட முடியும். 'பிறவிக் கலைஞன்', 'கடவுள் கொடுத்த வரம்', 'அதெல்லாம் அவங்களுக்கு ரத்தத்துலயே ஊறினது.' சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்வார். கேட்கிறவனுக்கும் உள்ளே குளிர்ந்துபோகும். ஆனால் சொன்ன அந்த நிமிஷத்திலேயே அவன் கற்றுக்கொண்ட வருஷங்கள் காணாமல் போகின்றன. கற்றுக்கொடுத்தவர் காணாமல் போகிறார். கூலி என்ற பேச்சே எழாது. ரத்தத்தில் ஓடுவதற்கு எவனாவது கூலி கொடுப்பானா?

இந்தத் தலையங்கம் அமெரிக்கக் கறுப்பின சாக்ஸபோன் கலைஞர்களைப் பற்றியது. ஜாஸ் என்றதும் நட்சத்திர ஓட்டல், மங்கிய வெளிச்சம், மதுக்கோப்பை என்று நினைக்கப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். சாக்ஸபோன் என்றால் நம்மில் பலருக்கு 1994இல் வந்த 'டூயட்' படமும் அதில் கத்ரி கோபால்நாத் வாசித்ததும் ஞாபகம் வரும். 'இதெல்லாம் நம்ம விஷயமா தோழர்?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 1972இல் பம்பாய் தலித் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தபோது அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1946இல், அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். அவர்களுடைய அரசியலை ஓரளவு படித்திருக்கிறோம். அந்த அரசியலில் பாதி அவர்களுடைய இசையில் கிடக்கிறது. அதைப் படிக்கவில்லை.

நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன். யார் போட்டது, யார் எடுத்தது என்று பார்ப்பதுதான் பொழப்பு. இந்த மேதைகளின் வாழ்க்கையையும் எனக்கு அப்படித்தான் படிக்க வருகிறது. பற்று வரவு போட்டுப் பார்த்தால், 'வரம்' என்று சொல்லப்பட்ட இடத்திலெல்லாம் உழைப்பு வரவாகியிருக்கிறது. எடுத்தவன் பெயர்தான் வேற.

முதலில் கருவி. சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ். 1846இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உடம்பு பித்தளை. வாயில் வைக்கிற இடத்தில் மட்டும் நாணல் பட்டை. நாதஸ்வரச் சீவாளி இரட்டை, இது ஒற்றை. பட்டாளத்து பேண்டுகளுக்காகச் செய்தது அது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குழுக்களில் அதற்கு நிரந்தர நாற்காலி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கொஞ்ச காலம் அது கோமாளிச் சத்தம் எழுப்புகிற வேடிக்கைப் பொருள். ஆக, பாரிஸில் பதிவான ஒரு பித்தளைக் குழாய் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு இழுத்து வரப்பட்டவர்களின் ரத்தத்தில் எப்படி ஊறியிருக்க முடியும்? சாஸ்திரிய சபை கைவிட்ட கருவியை எடுத்து, அதில் என்னவெல்லாம் முடியும் என்று உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள் என்பதுதான் நடந்தது.

கண்டுபிடித்தவர்களில் முதல் பெயர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1904இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பியானோ, பிறகு செல்லோ, அதற்கப்புறம் சாக்ஸபோன். ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சுமார் பத்து வருஷம் வாசித்தார். 1934இல் ஐரோப்பா போனார், 1939இல் திரும்பினார். அந்த வருஷம் அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் 'பாடி அண்ட் சோல்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். மூன்று நிமிஷத்து இசைத்தட்டு. தொடக்கத்தில் மெட்டை லேசாகத் தொட்டுக் காட்டுகிறார். அப்புறம் அதை விட்டுவிட்டு, பாட்டின் அடியில் ஓடும் ஸ்வர அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொண்டு, வாசிக்கும்போதே வேறொரு மெட்டைக் கட்டிக்கொண்டு போகிறார். மெட்டே இல்லாத அந்த இசைத்தட்டை ஜனங்கள் கடைகடையாகப் போய் வாங்கினார்கள். ஸ்வர அடுக்குகளின் கணக்கு தலைகீழாகத் தெரியாதவனால் அப்படி வாசிக்கவே முடியாது. அது படிப்பு.

இப்போது கணக்கைத் திறங்கள். அந்தப் பாட்டின் இசையை 1930இல் எழுதியவர் ஜானி கிரீன். சட்டத்தின் கண்ணில் தாளில் எழுதியதுதான் சொத்து. இசைத்தட்டில் 'இசையமைப்பு' என்ற இடத்தில் கிரீன் பெயர், பாடலாசிரியர்களின் பெயர்கள். அந்த மூன்று நிமிஷத்தில் ஏறக்குறைய எல்லா ஸ்வரமும் ஹாக்கின்ஸ் கட்டியது. அதில் இசையமைப்பாளர் பங்கு அவருக்கு இல்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்பியபோது எழுதியவருக்குப் பணம் போனது, ஊதியவருக்குப் போகவில்லை. ஒலிப்பதிவுக்கு என்று மத்தியச் சட்டப் பாதுகாப்பே அங்கே 1972 பிப்ரவரியில்தான் வந்தது. ஹாக்கின்ஸ் 1969இல் செத்துப்போயிருந்தார். கிரீனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர் எழுதினார், வாங்கினார். கேள்வி சட்டத்தைப் பற்றியது. தாளில் இருந்தால் படைப்பு, மூச்சில் இருந்தால் 'திறமை'. படைப்புக்குப் பங்கு உண்டு. திறமைக்குக் கைதட்டல்.

இந்தச் சூத்திரத்தை அடுத்த தலைமுறைக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். மெட்டுக்குத்தான் பதிப்புரிமை, அடியில் ஓடும் ஸ்வர அடுக்குக்கு இல்லை. அப்படியா? அடுக்கை வைத்துக்கொண்டு மெட்டை மாற்று! சார்லி பார்க்கர் 1945 நவம்பரில் பதிவு செய்த 'கோ-கோ', ஆங்கிலேயரான ரே நோபிள் எழுதிய 'செரோக்கீ' பாட்டின் அடித்தளத்தின் மேல் கட்டியது. 'ஆர்னித்தாலஜி' இன்னொரு பிரபலமான பாட்டின் அடித்தளத்தில். காசு மிச்சம் என்று கம்பெனிக்காரர்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் கலைஞர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஊர் வீட்டின் அஸ்திவாரத்தில் தங்கள் வீட்டை எழுப்பிக்கொள்கிற வேலை அது.

பார்க்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 'பிறவி மேதை' கதைக்கு அதிகம் பலியானவர் அவர்தான்.

1920இல் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். அம்மா ஆடி பார்க்கர் தந்தி ஆபீசில் ராத்திரி நேரத்தில் துப்புரவு வேலை செய்தார். சாக்ஸபோன் வாங்கிக் கொடுத்தது அந்தக் கூலியிலிருந்துதான். 1936இல், பதினைந்து பதினாறு வயசுப் பையன், ரீனோ கிளப்பில் பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்க ஏறினான். தாளம் தப்பினான். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவன் காலடியில் வீசினார். 'ணங்' என்று சத்தம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் இறங்கிப் போனான்.

ரத்தத்தில் ஊறியிருந்தால் அன்றைக்கு அது எங்கே போயிருந்தது?

அடுத்த கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு விடுதியில் வாசிக்கிற வேலை கிடைத்தது. லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கொண்டுபோனான். கேட்பது, நிறுத்துவது, ஊதுவது, மறுபடி கேட்பது. லெஸ்டர் வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாகப் பாடம் பண்ணிக்கொண்டு திரும்பினான். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. 1954இல் ஒரு வானொலிப் பேட்டியில் இன்னொரு சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் கேட்டபோது பார்க்கரே கணக்குச் சொன்னார்: மூன்று நான்கு வருஷம், நாளைக்குப் பதினோரு மணி நேரத்திலிருந்து பதினைந்து மணி நேரம். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி பண்ணச் சொல்வோம் என்று அம்மாவை மிரட்டினார்களாம். நியூயார்க் வந்த புதிதில் ஹார்லெமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். அந்தக் கடையில் பியானோ வாசித்தவர் ஆர்ட் டேட்டம். கை தண்ணீரில், காது பியானோவில். அவர் படித்த கல்லூரி அதுதான்.

ஆனால் எழுதியவர்கள் இந்தப் பதினைந்து மணி நேரத்தை எழுதவில்லை. அந்தக் காலத்தில் ஜாஸைப் புகழ்ந்து எழுதிய வெள்ளை விமர்சகர்கள் பலருக்குக் கறுப்பன் யோசிக்காமல் வாசிக்கிறான் என்பதுதான் பிடித்திருந்தது. இயற்கையின் குழந்தை, உள்ளுணர்வு, ஆதித் துடிப்பு! யோசிக்கிற கறுப்பன் வந்து நின்றால் சங்கடம். அவனுக்கு நாற்காலி போட வேண்டியிருக்குமே.

இந்தப் பொய்யின் விலை என்ன தெரியுமா தோழர்களே? உயிர். பதின்வயதில் ஒரு கார் விபத்தில் விலா எலும்பு முறிந்தபோது வலிக்காகக் கொடுத்த மருந்திலிருந்து பார்க்கருக்குப் போதைப் பழக்கம் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அது கடைசிவரை விடவில்லை. 1946இல் டயல் கம்பெனியிடமிருந்து தனக்கு வரவேண்டிய பங்கில் பாதியை, ஹெராயின் விற்றவருக்கே எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஆறு மாதம் இருந்தார். இதையெல்லாம் பார்த்த இளம் கலைஞர்கள் என்ன நினைத்தார்கள்? மேதைமை ஊசியில் இருக்கிறது என்று நினைத்தார்கள். பார்க்கர் மாதிரி வாசிக்க வேண்டுமென்றால் பார்க்கர் மாதிரி ஊசி போட வேண்டும்! ஒரு தலைமுறையே அதில் விழுந்தது. பார்க்கர் அதைப் பார்த்து நொந்துபோனார், கெஞ்சினார், திட்டினார். சன்னி ராலின்ஸ் என்ற இளைஞர் திட்டு வாங்கியவர்களில் ஒருவர். அவர் 1955இல் மருத்துவமனையில் சேர்ந்து பழக்கத்தை விட்டார். வெளியே வந்து பார்க்கரிடம் 'விட்டுட்டேன்' என்று சொல்ல நினைத்திருந்தார். அதற்குள் 1955 மார்ச் 12 அன்று பார்க்கர் இறந்துபோனார். வயசு 34. உடம்பைப் பார்த்த டாக்டர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று குறித்தார்.

திறமை பிறவியில் வருகிறது என்று நம்புகிறவன் குறுக்கு வழி தேடுவான். பதினைந்து மணி நேரம் என்று தெரிந்தவன் மூலையில் உட்கார்ந்து ஊதுவான். கதையை யார் எழுதுகிறார்கள் என்பது இலக்கியப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இனி சட்டம். 1940 முதல் 1967 வரை நியூயார்க் நகரத்தில் மது விற்கிற இடத்தில் வாசிக்க 'காபரே கார்டு' வேண்டும். கொடுப்பது போலீஸ். விண்ணப்பிக்கிற கலைஞன் பத்து விரலையும் மையில் அமுக்கி ரேகை கொடுக்க வேண்டும். போதை வழக்கு என்று ஒன்று இருந்தால் கார்டு போச்சு. தண்டனை முடிந்திருந்தாலும் போச்சு. பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க், பாடகி பில்லி ஹாலிடே, எல்லாரும் அதில் அடிபட்டார்கள். பார்க்கருடைய கார்டு 1951இல் பறிபோனது. அவருடைய செல்லப்பெயர் 'பேர்ட்'. அந்தப் பெயரை வைத்து 1949இல் நியூயார்க்கில் 'பேர்ட்லேண்ட்' என்று ஒரு கிளப் திறந்திருந்தார்கள். கார்டு இல்லாவிட்டால், தன் பெயர் தொங்குகிற அந்தக் கிளப்பிலேயே வேலை செய்யச் சட்டப்படி அவருக்கு உரிமை இல்லை. பெயரை மாட்டிக்கொள்ளலாம், ஆள் வரக்கூடாது! 1953இல் மது உரிம அதிகாரிகளுக்கு பார்க்கர் எழுதிய கடிதம் இருக்கிறது. தொழில் செய்யும் உரிமையைப் பறித்துவிட்டீர்கள், எந்தத் தப்பும் செய்யாத மனைவியும் பிள்ளைகளும் கஷ்டப்படுகிறார்கள் என்கிறார். உலகம் மேதை என்று கொண்டாடியவர் எழுதியதை ஒரு தொழிலாளியின் மனுவாக வாசித்துப் பாருங்கள். வரி வரியாக நமக்குப் பழக்கமான மனு.

பார்க்கர் பாடம் படித்த லெஸ்டர் யங்கின் கதை இன்னும் மோசம். 1909இல் மிசிசிப்பியில் பிறந்தவர். அப்பா ஒரு குடும்ப இசைக்குழு வைத்து ஊர் ஊராகப் போனவர். பிள்ளைகளுக்கு எல்லாக் கருவிகளும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். தென் மாநிலங்களுக்கு வாசிக்கப் போகமாட்டேன் என்று பதினெட்டு வயசு வாக்கில் லெஸ்டர் அப்பாவின் குழுவையே விட்டு வந்தார். தெற்கு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் ஹாக்கின்ஸ் மாதிரி கனமாக ஊதிய காலத்தில் இவர் மென்மையாக, காற்று கூடுதலாக, அவசரமே இல்லாமல் ஊதினார். சாக்ஸபோனைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பில்லி ஹாலிடே அவருக்கு 'பிரெஸ்' என்று பெயர் வைத்தார், சாக்ஸபோன் உலகத்துக்கு ஜனாதிபதி. 1944இல் ராணுவம் அவரைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டு தெற்கே அனுப்பியது. எந்தத் தெற்குக்குப் போகமாட்டேன் என்றாரோ அதே தெற்கு. போதைப்பொருள் வைத்திருந்தார் என்று 1945இல் அலபாமாவில் ராணுவ நீதிமன்றம் ஓராண்டு தண்டனை கொடுத்தது. ஜார்ஜியாவில் ராணுவக் கொட்டடி. அவமதிப்போடு வேலை நீக்கம். வெளியே வந்ததும் அவர் பதிவு செய்தவற்றில் ஒன்றுக்கு வைத்த பெயர் 'டி.பி. புளூஸ்'. டிடென்ஷன் பாரக்ஸ், தடுப்புக் கொட்டடி. கொட்டடிக்குப் போனதை அவர் மறைக்கவில்லை, இசைத்தட்டின் மேல் அச்சடித்து விற்றார். 1959இல், 49 வயசில் செத்தார்.

இந்தப் பட்டியலில் பெண்கள் எங்கே என்று தோழியர் கேட்பார்கள். கேட்க வேண்டும். 1937இல் மிசிசிப்பியில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பைனி வுட்ஸ் பள்ளியில், பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு பெண்கள் இசைக்குழு தொடங்கினார்கள். பெயர் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்'. உழைப்பு தங்களுடையது, வருமானம் வேறிடத்துக்குப் போகிறது என்று பார்த்த பெண்கள் 1941இல் பள்ளியை விட்டு வெளியேறித் தனிக்குழுவாகவே நின்றார்கள். தெற்கில் ஓட்டல்களில் இடம் கிடைக்காது என்பதால் சாப்பாடும் தூக்கமும் பஸ்ஸிலேயே. பிறகு சில வெள்ளைப் பெண்களும் சேர்ந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஏறினால் போலீஸ் வரும் என்பதால் அந்த வெள்ளைப் பெண்கள் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு வாசித்தார்கள். அந்தக் குழுவின் டெனார் சாக்ஸபோன் கலைஞர் வி பர்ன்சைட். கேட்டுப் பாருங்கள், ஹாக்கின்ஸைக் கரைத்துக் குடித்த வாசிப்பு. சாக்ஸபோன் மேதைகள் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆணுக்குக் கிடைத்த 'பிறவி மேதை' பட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 'பொம்பளைக்கு இது பரவாயில்லை' என்ற வகைப் பாராட்டுதான். இங்கே திருட்டு இரண்டு மடங்கு.

திருட்டுப் பட்டியலோடு நின்றுவிட்டால் நானும் அவர்களைப் பாதியாக்கிவிடுவேன். திருப்பி என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கு முடியும்.

சன்னி ராலின்ஸ் 1958இல் 'ஃப்ரீடம் ஸ்வீட்' என்று ஒரு நீண்ட இசைக்கோர்வையை வெளியிட்டார். சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் மூன்றே பேர். இசைத்தட்டின் உறையில் தன் பெயரில் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். அமெரிக்கா தன்னுடையது என்று பெருமையடிக்கும் பண்பாடு கறுப்பனுடையது, அந்தக் கறுப்பனையே அமெரிக்கா நசுக்குகிறது என்பது சாரம். பத்திரிகைகள் புகழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் நியூயார்க்கில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. அந்த அனுபவமும் அதன் பின்னால் இருந்தது. கம்பெனி அந்த இசைத்தட்டைத் திரும்பப் பெற்று, அதிலிருந்த வேறொரு பாட்டின் பெயரான 'ஷேடோ வால்ட்ஸ்' என்ற பெயரில் மறுபடி விட்டது. சுதந்திரம் என்ற வார்த்தை உறையில் இருந்தால் வியாபாரத்துக்கு இடைஞ்சல்.

அடுத்த வருஷமே ராலின்ஸ் மேடையை விட்டுப் போனார். புகழ் உச்சியில் இருந்தது. தன் வாசிப்பு அந்தப் புகழுக்குப் போதாது என்று தோன்றியது. அவர் குடியிருந்த கட்டடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். பாலத்தில் ரயில் ஓடும், கீழே ஆற்றில் படகு சங்கு ஊதும். மழை, வெயில், பனி என்று பார்க்காமல், 1959 முதல் 1961 வரை, நாள்கணக்காக அங்கே நின்று ஊதினார். 1962இல் வெளியான இசைத்தட்டின் பெயரே 'தி பிரிட்ஜ்', பாலம். வரம் வாங்கியவன் பாலத்துக்கு எதுக்குப் போறான்?

ஜான் கோல்ட்ரேன் 1926இல் வட கரோலினாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயசில் அப்பாவையும் தாத்தாவையும் அடுத்தடுத்து இழந்தார். அம்மா வடக்கே போய் வீட்டு வேலை பார்த்தார். கடற்படையில் இருந்துவிட்டு வந்த கோல்ட்ரேன், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உதவித்தொகையில் ஃபிலடெல்ஃபியாவில் இசைப்பள்ளியில் படித்தார். ஸ்வர வரிசைகளைத் தொகுத்த தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பயிற்சி பண்ணினார். வாசித்தபடியே கருவியோடு தூங்கிப்போவார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1957இல் போதையால் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வேலை போனது. அதே வருஷம் போதையை விட்டார். பத்தே வருஷம்தான் மிச்சம் இருந்தது. 1967இல் நாற்பது வயசில் இறந்தார். இன்று அவர் பெயரைச் சொல்லவைக்கிற வாசிப்பில் பெரும்பகுதி அந்தப் பத்து வருஷத்துக்குள் வந்தது. அதில் 1961இல் 'இந்தியா' என்றே ஒன்று பதிவு செய்தார். மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். நம் இலக்கியக்காரர்கள் சிலர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு 'கோல்ட்ரேன் ஒரு ஆன்மீகவாதி' என்று முடித்துவிடுவார்கள்.

அவர்களிடம் 'அலபாமா' கேட்டீர்களா என்று கேளுங்கள். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வெடிகுண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூவருக்கும் வயசு 14. டெனிஸ் மெக்நேர், 11. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, கோல்ட்ரேன் 'அலபாமா'வைப் பதிவு செய்தார். வார்த்தை கிடையாது. சுமார் ஐந்து நிமிஷம். பியானோ அடியில் தாழ்வாக நடுங்குகிறது, மேலே சாக்ஸபோன் அடக்கமாக, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுகிறது. மின்னல் வேகத்தில் வாசிப்பவர் என்று பெயர் வாங்கிய ஆள் இங்கே ஒரு ஸ்வரத்தைக்கூட வீணாக்கவில்லை. எவ்வளவு முடியும் என்பதைக் கற்றவனுக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். ரத்தம் அந்தச் சுவரில் கிடந்தது. அதைப் பார்த்து இவர் செய்தது யோசனை.

ஆர்னெட் கோல்மன் 1930இல் டெக்சஸில் பிறந்தவர். லூசியானாவில் ஒரு நடன அரங்குக்கு வெளியே அவரை அடித்து, சாக்ஸபோனையும் உடைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பெரிய கடை ஒன்றில் லிஃப்ட் இயக்குகிற வேலை பார்த்தார், இடையில் இசைக் கோட்பாட்டுப் புத்தகம் படித்தார். பித்தளைக் கருவி வாங்கக் காசு இல்லாமல் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கினார். 1959இல் நியூயார்க்குக்கு வந்து, ஸ்வர அடுக்கின் பிடியையே விட்டுவிட்டு வாசித்தபோது, 'இவனுக்கு வாசிக்கத் தெரியாது' என்றார்கள். படித்தால் 'இயற்கை' கெட்டுவிட்டது என்பான், சட்டத்தை மீறினால் படிக்கவில்லை என்பான்! 1943 முதல் இசைக்குக் கொடுக்கப்பட்டு வந்த புலிட்சர் பரிசு ஒரு ஜாஸ் படைப்புக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1997இல்தான். ஆர்னெட்டுக்கு 2007இல் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயசு 77.

'அப்படியானால் திறமை என்று ஒன்று கிடையவே கிடையாதா?' என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. பதினைந்து மணி நேரம் ஊதிய எல்லாரும் பார்க்கர் ஆகவில்லை, அது உண்மை. ஏதோ ஒன்று ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகிறது. அதற்குப் பெயர் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதை எப்போது பேசுகிறார்கள் என்பதில்தான் சண்டை. வெள்ளைக்காரப் பிள்ளை இசைக்கல்லூரியில் பத்து வருஷம் படித்தால் சான்றிதழ், கறுப்புப் பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டே பத்து வருஷம் படித்தால் வரப்பிரசாதம். உழைப்பை எண்ணி முடித்துவிட்டு, கற்றுக்கொடுத்தவர்களை எழுதி முடித்துவிட்டு, கூலி பாக்கியைத் தீர்த்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு வரம் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும். முதல் பக்கத்திலேயே வரம் என்று எழுதிக் கணக்கை மூடுகிற வேலை வேண்டாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. உங்களில் சிலர் வகுப்பில் நன்றாக எழுதினால் 'கோட்டா' என்பார்கள், மேடையில் நன்றாகப் பறை அடித்தால் 'ரத்தத்துல ஊறினது' என்பார்கள். இரண்டும் ஒரே வாய்தான். இரண்டு இடத்திலும் உங்கள் பதினைந்து மணி நேரம் கணக்கில் வராது. இரண்டையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

'பாடி அண்ட் சோல்', 'கோ-கோ', 'டி.பி. புளூஸ்', 'ஃப்ரீடம் ஸ்வீட்', 'அலபாமா' இந்த ஐந்தையும் தேடிக் கேளுங்கள். ஐந்தும் சேர்ந்தே ஒரு மணி நேரம் வராது. முதல் தடவை புரியாமல் போகலாம். பையனாக இருந்த பார்க்கர் லெஸ்டரைக் கேட்டதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடி கேளுங்கள். அப்புறம், உங்களுக்குத் தெரிந்த ஒரு கலைஞரிடம் போய் உட்கார்ந்து நான்கு கேள்வி கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள்? எத்தனை வருஷம்? கருவி யார் காசில் வாங்கியது? என்ன கூலி கொடுத்தார்கள்? பதிலை அவர் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்கள். வர்ணனை வேண்டாம். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.